பட்டத்தின் விலை
அம்பேத்கரின் உயர்கல்விக்குப் பணம் வந்த வழிகள்

பெரியோரின் வாழ்க்கை வரலாறுகளை எழுதுவோர் அவர்கள் பெற்ற பட்டங்களை வரிசைப்படுத்திக் காட்டுவர். எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டு, எந்தப் பேராசிரியர் என்பன தவறாது குறிக்கப்படும். ஆனால், அப்பட்டங்களுக்கு வேண்டிய பணம் எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார், எந்த நிபந்தனையின் பேரில் கொடுத்தார், அந்தக் கடன் எவ்வாறு தீர்க்கப்பட்டது என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. கல்வியைத் தனிமனிதனின் மதிநுட்பத்தின் விளைவாக மட்டும் காணும் நோக்கே இதற்குக் காரணமாகும். மதிநுட்பம் வேண்டியதுதான். ஆயினும் மதிநுட்பம் கப்பற் கட்டணத்தைச் செலுத்துவதில்லை; விடுதி வாடகையைக் கொடுப்பதில்லை; ஆய்வேட்டை அச்சிடுவதுமில்லை. இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். பணம் எங்கிருந்தாவது வரும்பொழுது, வந்த இடத்தின் முத்திரையோடுதான் வருகின்றது.

இவ்வுண்மையை விளக்குவதற்குப் பீம்ராவ் அம்பேத்கரின் வாழ்க்கையைப் போலப் பொருத்தமான எடுத்துக்காட்டு நமது உபகண்டத்தில் வேறொன்று கிடைப்பது அரிது. இந்தியாவின் அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவராக விளங்கியவர். தீண்டாமைக்கு எதிராக வாழ்நாள் முழுவதும் போராடியவர். நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் இலண்டன் பல்கலைக்கழகத்திலுமாக இரண்டு கலாநிதிப் பட்டங்களைப் பெற்றவர். அவர் உயர்கல்வி பெறுவதற்கு மன்னர் கொடுத்த கொடை, நண்பர் கொடுத்த கடன், தாமே உழைத்துச் சேமித்த சம்பளம், வீட்டில் மனைவி தாங்கிய பட்டினி ஆகிய அனைத்தும் தேவைப்பட்டன. ஒரு மனிதரின் படிப்புக்கு உள்ள எல்லா வழிகளையும் அவர் நடந்து பார்த்தார். அவ்வழிகள் ஒவ்வொன்றின் விலையையும் அவர் அறிவார். அந்த அறிவிலிருந்து அவர் என்ன முடிவுக்கு வந்தார் என்பதே ஈண்டு நாம் ஆராய விரும்பும் பொருள்.

வீட்டின் சேமிப்பு

அம்பேத்கர் 1891 ஏப்பிரல் 14 ஆம் நாள் மத்திய இந்தியாவில் உள்ள மாவ் என்னும் படைமுகாம் ஊரில் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால் பிரித்தானிய இந்திய இராணுவத்தில் சுபேதாராக இருந்து இளைப்பாறியவர். மகார் சாதியினருக்கு இராணுவ சேவை திறந்திருந்த காலத்தில் அச்சேவை அவர்களுக்கு எழுத்தறிவையும் ஒரு சிறு ஓய்வூதியத்தையும் கொடுத்தது. பின்னர் அந்தக் கதவும் மூடப்பட்டது. ஆகவே அம்பேத்கரின் கல்விக்கு முதன்முதலில் செலவு செய்தது இராணுவ ஓய்வூதியம் எனலாம்.

அது போதுமானதாக இருக்கவில்லை. குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்து, பரேல் என்னும் தொழிலாளர் பகுதியில் ஒற்றை அறையொன்றில் வாழ்ந்தது. இரண்டு பிள்ளைகளை உயர்தரப் பாடசாலையிற் படிப்பிக்க வழியின்மையால் மூத்தவர் ஒருவர் படிப்பை விட்டு வேலைக்குச் செல்ல, பீம்ராவ் படித்தார். புத்தகம் வாங்கப் பணம் இல்லாத வேளைகளில் தந்தையார் மணமாகிச் சென்ற தம் புதல்வியரிடம் சென்று கைமாற்றுக் கேட்பார். அவர்களிடமும் பணம் இல்லையெனில் நகையொன்றை வாங்கி அடகு வைத்துப் புத்தகம் வாங்குவார். ஓய்வூதியம் கிடைக்கும் நாளில் மீட்டுக் கொடுப்பார். தமையன் வேலைக்குப் போக இளையவன் படிப்பதும், சகோதரியின் நகை அடகுக்கடைக்குப் போவதும் நம் நாட்டுக் குடும்பங்களுக்கும் புதியனவல்ல. ஏழையின் படிப்புக்கு முதற் கொடையாளர் எப்பொழுதும் அவன் வீட்டாரே. அவர்களுடைய பெயர் எந்தப் பட்டமளிப்பு விழாவிலும் வாசிக்கப்படுவதில்லை.

1907 ஆம் ஆண்டில் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்தரப் பாடசாலையிலிருந்து அம்பேத்கர் மெற்றிக்குலேசன் பரீட்சையிற் சித்தியடைந்தார். தீண்டாதவரென ஒதுக்கப்பட்ட சமூகத்தில் அது பெரியதொரு நிகழ்ச்சி. அவரைப் பாராட்டக் கூடிய கூட்டத்தில் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்ற மராத்தி எழுத்தாளர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாக வழங்கினார். கேளுஸ்கர் ஓர் ஆசிரியர். பூங்காவிலிருந்து படித்துக்கொண்டிருந்த அந்த மாணவனை முன்பே கண்டு பழகியவர். வீட்டுப் பணம் கல்லூரிப் படிப்புக்குப் போதாதென்ற நிலை வந்தபொழுது, அவரே பரோடா மன்னர் சயாஜிராவ் கெயிக்வாட்டிடம் எடுத்துரைத்து மாதம் 25 ரூபா உபகாரச் சம்பளம் கிடைக்கச் செய்தார். ஆசிரியர் ஒருவரின் பரிந்துரை இல்லாதிருப்பின் அந்த 25 ரூபாவும் இல்லை. கொடையின் முதல் இயல்பு இதுதான்: அது கொடுப்பவனின் கண்ணில் பட்டவனுக்கே கிடைக்கும். கண்ணில் படாமற்போன எத்தனையோ பேரைப் பற்றி வரலாறு எதுவும் அறியாது.

மன்னரின் பணமும் பத்தாண்டு ஒப்பந்தமும்

அம்பேத்கர் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் கலைமாணிப் பட்டப் பரீட்சையில் தேறி, 1913 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பரோடா அரசின் சேவையிற் சேர்ந்தார். சேர்ந்த சில நாட்களில் தந்தையாரின் நோய் குறித்துத் தந்தி வந்தது. பெப்ரவரி 2 ஆம் நாள் ராம்ஜி காலமானார். அக்காலத்தில் பரோடா அரசு சில மாணவரை ஐக்கிய அமெரிக்காவுக்கு உயர்கல்விக்காக அனுப்ப எண்ணியிருந்தது. அம்பேத்கர் மன்னரைக் கண்டு விண்ணப்பித்தார், தெரிவு செய்யப்பட்டார். மூன்றாண்டுகளுக்கு மாதம் பதினொன்றரைப் பவுண் என்பது உதவித்தொகை. 1913 யூன் 4 ஆம் நாள் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. குறித்த பாடங்களைப் படிக்க வேண்டும். படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பன நிபந்தனைகள். மூன்றாண்டுக் கல்விக்குப் பத்தாண்டு உழைப்பு என்பது கணக்கு.

சயாஜிராவ் கெயிக்வாட் சாதாரணமான சுதேச மன்னரல்லர் என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். 1906 ஆம் ஆண்டிலேயே தம் இராச்சியம் முழுவதிலும் கட்டாய இலவச ஆரம்பக் கல்வியை நடைமுறைப்படுத்தியவர். தாழ்த்தப்பட்ட மக்களுக்கெனப் பாடசாலைகள் அமைத்தவர். அவ்வகையில் பிரித்தானிய இந்தியாவே அவருக்குப் பின்தங்கி நின்றது. ஆயினும் நாம் ஒரு வினாவை எழுப்புதல் தகும். அந்தப் பதினொன்றரைப் பவுண் யாருடைய பணம்? பரோடாத் திறைசேரியை நிரப்பியோருள் முதன்மையானோர் அந்நாட்டின் குடியானவர்கள். நிலவரி செலுத்தியவன் உழவன். அவ்வரிப்பணம் மன்னரின் கையினூடாக வந்தமையால் கொடை என்னும் பெயரைப் பெற்றது. மக்கள் பணம் மக்களின் பிள்ளைக்குத் திரும்பியபொழுது அது மன்னரின் கருணையாகத் தோன்றியது. நிலப்பிரபுத்துவ அமைப்பில் உரிமைக்குக் கருணை வேடம் தரித்தாலன்றி வெளியே உலாவ இயலாது போலும்.

அம்பேத்கர் 1913 யூலையில் நியூயோர்க்கை அடைந்தார். பதினொன்றரைப் பவுணில் ஒரு பகுதி பம்பாயில் இருந்த குடும்பத்துக்குப் போயிற்று. எஞ்சியதில் உணவு, உடை, புத்தகம் யாவும் அடங்கவேண்டும். வேடிக்கை விநோதங்களை விலக்கி நூலகத்தையே வாழிடமாகக் கொண்டார். பொருளியலறிஞர் செலிக்மன், மெய்யியலறிஞர் யோன் டூயி முதலியோரிடம் கற்றார். 1915 இல் முதுகலைமாணிப் பட்டம் பெற்றார். 1916 மே மாதத்தில் மானிடவியலறிஞர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் இந்தியாவிற் சாதிகளின் தோற்றம் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை வாசித்தார். அதே ஆண்டில் இந்தியாவின் தேசிய வருமானம் பற்றிய கலாநிதிப் பட்ட ஆய்வேட்டை முடித்தார்.

முடித்தாரேயன்றிப் பட்டம் கிடைக்கவில்லை. ஆய்வேட்டை அச்சிட்டு அதன் பிரதிகளைப் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்த பின்னரே பட்டம் வழங்கப்படும் என்பது அக்காலத்துக் கொலம்பியாவின் விதி. அச்சுக்கூலி மாணவனின் பொறுப்பு. 1925 இல்தான் அந்நூல், பிரித்தானிய இந்தியாவில் மாகாண நிதியின் வளர்ச்சி என்னும் பொருளில், இலண்டனில் வெளிவந்தது. 1927 இல் பட்டம் முறைப்படி வழங்கப்பட்டது. எழுதியதற்கும் பெற்றதற்கும் இடையே பதினோராண்டுகள். வசதி படைத்த மாணவன் ஒருவன் சில மாதங்களிற் கடந்திருக்கக்கூடிய தூரம் அது. அந்நூலைத் தம் கல்விக்கு உதவிய நன்றியின் அடையாளமாகச் சயாஜிராவ் கெயிக்வாட்டுக்கே அம்பேத்கர் காணிக்கையாக்கினார். அவர் நன்றி மறந்தவரல்லர்.

பணத்தால் வாங்க முடியாத அறை

1916 இன் நடுப்பகுதியில் அம்பேத்கர் இலண்டனுக்குச் சென்று, பொருளியற் கல்லூரியிலும் கிரேஸ் இன் என்னும் சட்ட நிறுவனத்திலும் பதிவு செய்துகொண்டார். ஆனால் பரோடாவின் உதவிக்காலம் முடிவடைந்தது. படிப்பை இடையில் நிறுத்தி நாடு திரும்ப நேர்ந்தது. நான்காண்டுகளுக்குள் திரும்பிவந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்னும் அனுமதியை மட்டும் இலண்டன் பல்கலைக்கழகத்திடம் பெற்றுக்கொண்டு, 1917 ஓகஸ்டில் பம்பாய் வந்து சேர்ந்தார். அது முதல் உலக யுத்த காலம். அவருடைய பயணப் பொருள்களை ஏற்றிய கப்பல் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அதற்கு நட்டஈடாகக் கிடைத்த 600 ரூபாவிலிருந்துதான் பரோடாவுக்குச் செல்லும் செலவையும் அவர் எடுத்துக்கொண்டார் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். ஒப்பந்தத்தை நிறைவேற்றச் செல்வதற்கும் கையில் காசிருக்கவில்லை.

பரோடாவில் நடந்ததை அம்பேத்கரே பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்பில் விரிவாகக் கூறியுள்ளார். மன்னரின் அரசாங்கத்தில் உயர்பதவிக்கெனப் பயிற்றப்பட்ட மனிதருக்கு அந்நகரத்தில் தங்க இடம் கிடைக்கவில்லை. இந்து விடுதிகள் ஏற்கமாட்டா. பார்ஸி விடுதி ஒன்றில் பார்ஸிப் பெயரொன்றின் கீழ்த் தங்கினார். பதினோராம் நாள் காலையில் தடிகள் ஏந்திய பார்ஸிகள் பன்னிருவர் அளவினர் வந்து, விடுதியைத் தீட்டுப்படுத்தியதாகக் கூறி அவரை வெளியேறுமாறு மிரட்டினர். இடம் கேட்டு அணுகிய நண்பர் இருவரும், ஒருவர் இந்து, மற்றவர் கிறித்தவர், ஏதேதோ காரணம் கூறித் தட்டிக் கழித்தனர். பொதுப் பூங்காவொன்றில் மாலைவரை அமர்ந்திருந்து இரவு இரயிலில் அவர் பம்பாய்க்குத் திரும்பினார். பத்தாண்டு சேவை ஒப்பந்தம் பதினொரு நாளில் முறிந்தது.

இந்நிகழ்ச்சியைச் சாதிக் கொடுமைக்கு ஓர் எடுத்துக்காட்டாகப் பலர் கூறுவர். அது சரியே. ஆயின் கல்விக்கான பணம் பற்றிய நமது வினாவுக்கும் இதில் விடை இருக்கின்றது. மன்னரின் ஆணை திறைசேரியைத் திறந்தது; விடுதிக் கதவைத் திறக்கவில்லை. ஒரு மாணவனைப் பன்னிரண்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் அனுப்பிப் படிப்பிக்க முடிந்த அரசால், படித்து வந்தவனுக்குத் தன் தலைநகரில் ஓர் அறையைப் பெற்றுக் கொடுக்க முடியவில்லை. தனியொருவனைத் தூக்கிவிடும் கொடை, அவன் திரும்பி வந்து வாழவேண்டிய சமூகத்தை அப்படியே விட்டுவைக்கின்றது. உபகாரச் சம்பளம் ஒருவனை மாற்றும்; அமைப்பை மாற்றாது. மேலும், கொடுத்தவன் நல்லவனாயிருந்தும் ஒப்பந்தம் முறிந்ததன் பழி வாங்கியவன் தலையிலேயே விழும். ஒப்பந்தப் பத்திரத்தில் அவன் செய்யவேண்டியன எழுதப்பட்டிருந்தன. அவனுக்குக் குடிநீரும் குடியிருப்பும் கிடைக்கவேண்டும் என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

சம்பளம், கடன், நாணய மாற்று

இலண்டன் கொடுத்த தவணை நான்காண்டுகள். அதற்குள் பணம் சேர்க்கவேண்டும். 1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் வணிகக் கல்லூரியில் அரசியற் பொருளியற் பேராசிரியராக அம்பேத்கர் நியமனம் பெற்றார். சம்பளம் மாதம் 450 ரூபா. விரிவுரை மண்டபம் நிறைந்தது. ஆனால் ஆசிரியருக்கென வைக்கப்பட்ட பானையிலிருந்து அவர் நீர் அருந்துவதைச் சக ஆசிரியர் சிலர் ஆட்சேபித்தனர். 450 ரூபா வாங்கும் பேராசிரியர் பரேலின் தொழிலாளர் குடியிருப்பிலேயே தொடர்ந்து வசித்தார். குடும்பச் செலவுக்கு அளந்து கொடுத்துவிட்டு மீதியைச் சேமித்தார்.

1920 இல் அவர் மீண்டும் இலண்டனுக்குக் கப்பலேறியபொழுது கையில் இருந்த பணம் மூன்று வழிகளில் வந்தது. ஒன்று, தம் சேமிப்பு. இரண்டு, கோல்ஹாப்பூர் மன்னர் ஷாகு மகாராஜா அளித்த உதவி. 1902 இலேயே தம் இராச்சியத்தின் அரசாங்கப் பதவிகளில் நூற்றுக்கு ஐம்பதைப் பின்தங்கிய வகுப்பாருக்கு ஒதுக்கியவர் இவர். மூன்று, நேவல் பதேனா என்ற பார்ஸி நண்பர் கொடுத்த 5,000 ரூபாக் கடன். கொலம்பியா மாணவர் விடுதியில் உடனுறைந்தவர் இந்த நண்பர். பரோடாவில் தடியோடு வந்தவர்களும் பார்ஸிகள். பம்பாயில் பணத்தோடு வந்தவரும் பார்ஸி. சமூகங்களை ஒட்டுமொத்தமாகப் புகழ்வதும் இகழ்வதும் எத்துணைப் பேதைமை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இலண்டனில் அவர் வாழ்ந்த வாழ்க்கை பலரும் அறிந்ததே. விடுதிக்காரி கொடுக்கும் சொற்பக் காலையுணவு. பின்னர் பிரித்தானிய நூதனசாலையின் வாசிகசாலையில் மாலைவரை படிப்பு. நண்பகல் உணவுக்குச் செலவில்லை. இரவு பத்து மணிக்குப் பசி எடுத்தால், ஊர் நண்பர் ஒருவர் கொடுத்த அப்பளத்தில் நான்கைச் சுட்டுத் தின்று ஒரு கோப்பைச் சூடான பானம் அருந்திவிட்டு மீண்டும் படிப்பு. ஏகாதிபத்தியத்தின் தலைநகரில், அந்த ஏகாதிபத்தியம் இந்தியாவின் நிதியை எவ்வாறு கையாண்டது என்பதை ஆராய்ந்த மாணவனின் இராப் போசனம் இது.

இன்னொரு செய்தி பொருளியல் மாணவர்க்குச் சுவையானது. 1920 இன் தொடக்கத்தில் ஒரு ரூபாவின் பெறுமதி இரண்டு சிலிங்கிற்கு மேல் ஏறியிருந்தது. 1921 இல் அது ஒரு சிலிங் நான்கு பென்ஸுக்கும் கீழே விழுந்தது. கணக்கிட்டுப் பார்த்தால் இதன் கொடுமை விளங்கும். இரண்டு சிலிங் வீதம் 5,000 ரூபாவுக்கு 500 பவுண். ஒரு சிலிங் நான்கு பென்ஸ் வீதம் அதே 5,000 ரூபாவுக்கு 333 பவுண். கடன் கொடுத்தவனுக்குத் திருப்பவேண்டிய தொகை குறையவில்லை. அதனால் வாங்கக்கூடிய ரொட்டி மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோயிற்று. 1921 இல் அம்பேத்கர் ஷாகு மகாராஜாவிடம் 200 பவுண் கடன் கேட்டுக் கடிதம் எழுத நேர்ந்தது. அவர் அப்பொழுது எழுதிக்கொண்டிருந்த ஆய்வேட்டின் பொருள் ரூபாவின் பிரச்சினை என்பது குறிப்பிடத்தக்கது. குடியேற்ற நாட்டு நாணயத்தின் மதிப்பை ஆட்சியாளர் நிர்ணயிப்பதன் விளைவை அவர் புத்தகத்தில் மட்டும் படித்தவரல்லர்.

1921 இல் விஞ்ஞான முதுமாணிப் பட்டம் கிடைத்தது. 1922 இல் பாரிஸ்டராகவும் தேறினார். கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வேட்டைத் திருத்தி எழுதுமாறு பரீட்சகர்கள் 1923 இல் பணித்தனர். அங்கேயே தங்கித் திருத்தக் கையிற் பணமில்லை. பம்பாய்க்கு வந்து, அங்கிருந்தே திருத்தி அனுப்பினார். அவ்வாண்டின் இறுதியிலேயே அது ஏற்றுக்கொள்ளப்பட்டு நூலாகவும் வெளிவந்தது. பாரிஸ்டர் பட்டம் கையிலிருந்தும் நீதிமன்றத்தில் தொழில் நடத்துவதற்கான அனுமதிப் பத்திரம் பெறப் பணமில்லை. அதற்கும் நேவல் பதேனாவே உதவினார். உயர்கல்வி என்பது பல்கலைக்கழகத்தின் கட்டணத்தோடு முடிந்துபோவதன்று. அச்சுக்கூலி, பதிவுக் கட்டணம், திரும்பிவரும் கப்பற் செலவு என்று அதன் கடைசி வாயில்கள் பலவற்றிலும் ஒருவன் நின்று கை நீட்டுகின்றான்.

எழுதப்படாத கணக்கு

இதுவரை சொன்ன கணக்கில் ஒருவரின் பங்கு இடம்பெறவில்லை. அவர் அம்பேத்கரின் மனைவி ரமாபாய். சிறுமியாயிருந்தபொழுதே அவருக்கு மணமாயிற்று. கணவர் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்த ஆண்டுகளில் பரேலில் குடும்பத்தைக் கட்டிக்காத்தவர் அவர். சாணம் பொறுக்கி வரட்டி தட்டி அடுப்பெரித்த காலமும் இருந்தது. பிறந்த பிள்ளைகள் ஐவரில் நால்வர் சிறுவயதிலேயே இறந்தனர். யஷ்வந்த் ஒருவரே எஞ்சினார். கலாநிதிப் பட்டத்தின் செலவுப் பட்டியலில் இவற்றை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

ரமாபாய் 1935 மே மாதத்தில் இறந்தார். சில ஆண்டுகளின் பின் பாகிஸ்தான் பிரச்சினை பற்றி எழுதிய நூலை அம்பேத்கர் அவருடைய நினைவுக்குக் காணிக்கையாக்கினார். நண்பரற்ற வறுமை நாட்களில் தம்மோடு சேர்ந்து துன்புறுவதற்கு அவர் காட்டிய மனவுறுதியை அக்காணிக்கையில் நினைவு கூர்ந்தார். முதல் ஆய்வு நூல் மன்னருக்கு. பிற்கால நூல் மனைவிக்கு. இரண்டு காணிக்கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு பட்டத்துக்குச் செலுத்தப்பட்ட இருவகை விலையும் தெரியவரும். மன்னர் கொடுத்தது மிகுதியிலிருந்து. மனைவி கொடுத்ததோ இன்மையிலிருந்து. படித்த ஆண்களின் வரலாற்றுக்குப் பின்னால் படிக்க வாய்ப்பில்லாத பெண்களின் உழைப்பு இவ்வாறு முதலீடாகக் கிடப்பதை முற்போக்காளர் என்று சொல்லிக்கொள்ளும் நாமும் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

கொடையிலிருந்து உரிமைக்கு

இத்துணையும் பட்டறிந்த மனிதர் இரண்டு விதமான முடிவுகளுக்கு வந்திருக்கலாம். ‘நான் துன்பப்பட்டுப் படித்தேன், மற்றவரும் அவ்வாறே படிக்கட்டும்’ என்பது ஒன்று. மேலே ஏறியபின் ஏணியை உதைத்துத் தள்ளும் இம்மனப்பான்மை படித்த மத்தியதர வர்க்கத்தில் அருமையானதன்று. ‘எனக்குக் கிடைத்த கொடை பிறருக்கு உரிமையாகக் கிடைக்கவேண்டும்’ என்பது மற்றொன்று. அம்பேத்கர் இரண்டாவதைத் தேர்ந்தார்.

1942 இல் அவர் வைசிராயின் நிருவாகசபையில் தொழிலமைச்சுக்குப் பொறுப்பான உறுப்பினரானார். அவ்வாண்டு ஒக்ரோபரில், அட்டவணைச் சாதியினரின் குறைகள் பற்றி விரிவானதொரு மகஜரை வைசிராய் லின்லித்கோவிடம் சமர்ப்பித்தார். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் அரசாங்கம் ஆண்டுதோறும் நன்கொடை வழங்குகின்றது. தாழ்த்தப்பட்ட மக்களின் உயர்கல்விக்கு வழங்குவது என்ன என்பது அவர் எழுப்பிய வினா. ஆரம்பக் கல்வியோடு அவர்களை நிறுத்திவிடாது, விஞ்ஞானத்திலும் தொழில்நுட்பத்திலும் உயர்கல்வி பெறவும் வெளிநாடுகளுக்குச் செல்லவும் அரசாங்கமே பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டார். அதன் விளைவாக ஆண்டுக்கு 3 இலட்சம் ரூபா ஒதுக்கப்பட்டது. 1944 இல் மெற்றிக்குலேசனுக்குப் பிந்திய கல்விக்கான உபகாரச் சம்பளத் திட்டம் தொடங்கியது. சுதந்திரத்தின் பின்னர் அது பழங்குடியினருக்கும் விரிவாயிற்று. அட்டவணைச் சாதி மாணவரை வெளிநாட்டு உயர்கல்விக்கு அனுப்பும் தேசியத் திட்டமும் 1950 களில் ஏற்பட்டது.

தொகை சிறியதே. நாட்டின் பரப்போடும் தேவையோடும் ஒப்பிட்டால் 3 இலட்சம் ரூபா கடலிற் கரைத்த பெருங்காயம். ஆயினும் அதன் இயல்பு புதியது. கேளுஸ்கர் ஒருவரின் பரிந்துரை இனித் தேவையில்லை. மன்னர் ஒருவரின் கண்ணில் படவேண்டியதில்லை. பணம் திறைசேரியிலிருந்து விதிப்படி வருகின்றது. பெற்றவன் எவருக்கும் தலைவணங்க வேண்டியதில்லை. அதே பொதுப்பணம் முன்பு மன்னரின் கருணையாக வந்தது. இப்பொழுது குடிமகனின் பங்காக வந்தது.

நம் நாட்டின் வரலாற்றிலும் இதற்கு ஒப்பான ஒரு திருப்பம் உண்டு. காலி ரிச்மண்ட் கல்லூரியில் புலமைப்பரிசிலின் துணையோடு படித்த கிராமத்துச் சிறுவன் ஒருவன் பின்னாளில் கல்வி அமைச்சரானான். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமை தாங்கிய விசேட குழு 1943 இல் வெளியிட்ட அறிக்கையின் வழியே, 1945 இல் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நம் நாட்டுக்கு வந்தது. அங்கும் கொடையினாற் படித்தவரே கொடைக்குப் பதிலாக உரிமையை நிலைநாட்ட முன்னின்றார். ஆனால் பரோடா கற்பித்த பாடம் நமக்கும் உரியது. இலவசக் கல்விக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், 1930 ஐ ஒட்டிய காலத்தில், யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் அமரவேண்டும் என்ற ஏற்பாட்டை எதிர்த்துப் பாடசாலைகளுக்கே தீ வைத்தவர்கள் இருந்தார்கள். கட்டணத்தை ஒழித்தால் போதாது. வாங்கில் இடமும் கிடைக்கவேண்டும்.

நம்முடைய இலவசக் கல்வியின் உண்மையான எல்லை முதற் பட்டத்தோடு வந்துவிடுகின்றது என்பதையும் மறத்தலாகாது. அதற்கு மேற்பட்ட ஆய்வுக்கு நமது பட்டதாரிகள் நீண்டகாலம் வெளிநாட்டாரின் புலமைப்பரிசில்களையே நம்பியிருந்தனர். 1960 இல் தொடங்கிய பொதுநலவாயப் புலமைப்பரிசில் ஒருபுறம். அதே ஆண்டில் மொஸ்கோவில் நிறுவப்பட்ட மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் மறுபுறம். அவற்றால் பயனடைந்தோர் பலர். ஆயினும் கொடுப்பவனின் நோக்கம் இல்லாத பணம் எதுவும் கடல் கடந்து வருவதில்லை. இன்று உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலேயே முதுமாணிக் கற்கைநெறிகள் பலவற்றுக்குக் கட்டணம் அறவிடப்படுகின்றது. கட்டக்கூடிய பட்டதாரி கட்டுகின்றான். மற்றவன் ஒரு பட்டத்தோடு திருப்தியடையுமாறு பணிக்கப்படுகின்றான். ஆய்வு என்பது வசதியுள்ளோரின் ஆடம்பரமாக மாறுமாயின், எந்த வினாக்கள் ஆராயப்படும் என்பதையும் வசதியே தீர்மானிக்கும். சாதியின் தோற்றத்தை 1916 இல் ஆராய முன்வந்தவர் சாதியால் மிதிக்கப்பட்டவர் என்பது தற்செயலானதன்று.

உரிமை சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டால் கதை முடிந்துவிட்டது என்றும் எண்ணற்க. ஹைதராபாத் மத்திய பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துவந்த ரோஹித் வேமுலா 2016 சனவரி 17 ஆம் நாள் உயிர் துறந்தார். அவர் அம்பேத்கரின் பெயரைத் தாங்கிய மாணவர் சங்கத்தைச் சேர்ந்தவர். அவருடைய சாவுக்குப் பின்னால் இருந்த காரணங்கள் பல. அவை தனியே ஆராயப்படவேண்டியவை. ஆனால் அவர் விட்டுச்சென்ற கடிதத்தின் இறுதிப் பகுதியில் ஒரு கணக்கும் இருந்தது. ஏழு மாத ஆய்வு உதவித்தொகை, ஒரு இலட்சத்து எழுபத்தையாயிரம் ரூபா, தமக்கு வரவேண்டியுள்ளது. அதனைத் தம் குடும்பத்துக்குச் சேர்ப்பியுங்கள். நண்பர் ஒருவருக்குத் தாம் நாற்பதாயிரம் ரூபா அளவில் கொடுக்கவேண்டும். அதனை அதிலிருந்து கொடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார்.

நேவல் பதேனாவிடம் கடன்பட்ட மாணவருக்கும் இந்த மாணவருக்கும் இடையே ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு உண்டு. அந்த நூற்றாண்டில் மன்னர்கள் போயினர். அரசியல் சட்டம் வந்தது. உபகாரச் சம்பளத் திட்டங்கள் பெருகின. எனினும் மாத முடிவில் கைக்கு வராத உரிமை மாணவனை மீண்டும் நண்பனின் கடனுக்கே அனுப்பிவிடுகின்றது. சட்டத்தில் இருப்பதும் கையில் கிடைப்பதும் ஒன்றாகும் வரை, கொடையிலிருந்து உரிமைக்குச் செல்லும் பாதையில் நாம் பாதி தூரத்திலேயே நிற்கின்றோம்.

ஆசிரியர்களாகிய நாமும் கேளுஸ்கரின் இடத்தில் இருப்பவர்களே. கெட்டிக்கார மாணவன் ஒருவனைக் கண்டால் அவனுக்காக யாரிடமேனும் பரிந்து பேசுதல் நம் கடமை; அதனைச் செய்வோம். ஆனால் அதனோடு நிறைவடைதல் ஆகாது. ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் தம் கோரிக்கைகளில் பட்டப்பின் படிப்பையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். ஆய்வு மாணவனின் உதவித்தொகை சம்பளத்தைப் போல மாதந்தோறும் தவறாது கிடைக்கவேண்டும்; முதற் பட்டத்துக்கு மேற்பட்ட படிப்பிலிருந்து வறியவன் கட்டணத்தால் விலக்கப்படுதல் ஒழியவேண்டும். பரிந்து பேச ஆளில்லாத மாணவனும் படிக்கக்கூடிய நாளே இலவசக் கல்வி நிறைவெய்தும் நாளாகும்.